நாலடி நாலங்குலம்

ஜீப்பின் அடிச்சட்டத்தை நடுவில் அறுத்து, இரண்டரை அடி நீட்டி, மறுபடி பற்றவைத்து முடித்த பிறகுதான் கொளஞ்சிநாதனுக்கு உறைத்தது, அடியில் ஓடும் ஷாப்ட்டும் அதே அளவு நீண்டாக வேண்டுமே என்று. முன்னால் எஞ்சின் சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த இரும்புத் தண்டுதான். பழைய தண்டு இப்போது பாதி வழியில் எட்டாமல் நின்றது. வாசலில் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் கரி வரும் பெல்ட்டைப் பார்க்கும் கேங்கில் இருபத்திரண்டு வருடம் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவனுக்கு இது கூடத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

"என்னா மாமா, வண்டிய நீட்டுன, உள்ள இருக்கறத நீட்டலியா?" கட்டிலிலிருந்து அவன் மனைவி செங்கமலம் கேட்டாள். கதவு திறந்திருந்தால் அவளுக்கு வாசல் முழுக்கத் தெரியும். அதற்காகவே கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தான்.

"நீட்டிடலாம் புள்ள."

"இழுத்தா நீளுமா?"

"ஒன்ன மாதிரி நாலு பேரு நின்னு இழுத்தா நீளும்."

"நின்னா இழுக்க மாட்டனா" என்றாள்.

சொன்னது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் குத்தியது. அவன் சக்கரத்துக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. அவளே வேறு பேச்சுக்குப் போனாள். அடுத்த வீட்டு மலர்கொடி கொண்டுவந்து வைத்த குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போன டிராக்டர் பெட்டி ஓடைக்குள் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. செங்கமலத்துக்கு மட்டும் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று. நிமிர்த்தி உட்கார வைத்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. ஒருமுறை குட்டியானை வண்டியில் மெத்தை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுமை ஏற்றுகிற வண்டிக்குப் படுத்திருப்பது மனுஷி என்று தெரியுமா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. போய்ச் சேர்வதற்குள் புண் திறந்து மெத்தை நனைந்துவிட்டது. பதினைந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மாசி மகத்துக்குக் கடலுக்குப் போக வேண்டும். அவள் பிறந்த ஊர் அம்மனை வருடா வருடம் டிராக்டரில் வைத்துத் தேவனாம்பட்டினத்துக் கடலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தமாட்டி வருவார்கள். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவள் போகாதது இந்த இரண்டு வருடம்தான். ஆம்புலன்ஸ் சொல்லலாம் என்று அவள் தம்பி அறிவழகன் சொல்லிப் பார்த்தான். "அதுல ஏறுனா வழி நெடுக சனம் நெஞ்சுல கைய வச்சுகினு பாக்கும்டா. சாமி பாக்கப் போறவள சாவப் போறவளா ஆக்கிடாத" என்றுவிட்டாள்.

அதனால்தான் ஜீப்பு. பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாத்தோப்பில் அது அச்சுவரை மண்ணில் புதைந்து கிடந்தது. தோப்புக்காரருக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமை வேலி கட்டிக் கொடுத்து வாங்கி வந்தான். ஆள் கால் நீட்டிப் படுக்க ஆறடி வேண்டும், அதற்காக நீட்டினான். தூக்கிப் போடக் கூடாது என்று பின்பக்க ஸ்பிரிங் வில்லில் இரண்டிரண்டு பட்டைகளைக் கழற்றிப் போட்டான். கையால் அமுக்கினால் வண்டி தொட்டில் போல ஆடியது. அதைக் காட்டத்தான் செங்கமலத்தைக் கதவுப் பக்கம் தலையைத் திருப்பச் சொன்னான். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

மந்தாரக்குப்பத்தில் லேத்து வைத்திருக்கும் வெள்ளைச்சாமியிடம் போனான். சாமியண்ணன் சிவகாசிப் பக்கத்துக்காரர். நாற்பது வருடத்துக்கு முன்னால் சுரங்கத்துக்கு ஃபிட்டராக வந்து, பர்மனெண்ட் ஆகி, ரிட்டயரும் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர் ஊருக்குப் போகாமல் இங்கேயே ஒரு ஷெட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை.

"பழைய ஷாப்ட்டோட ஒரு முனைதான் ஒனக்கு ஆகும்ப்பா" என்றார், தண்டை வாங்கிக் கையில் திருப்பிக்கொண்டே. "நடுவுல இருக்க பைப்பத்தான் நீளமாப் போடணும். ஆனா இந்தா, இந்தக் கிராஸ் ரெண்டும் செத்துப்போச்சு." கூட்டல் குறி மாதிரி இருந்த இரும்புத் துண்டை ஆட்டினார். அது கடகடவென்று ஆடியது. "இதுதான் மணிக்கட்டு. இது ஆடுச்சுன்னா கை வெளங்காது. இந்த முன்ன பின்ன நகர்ற முனையிலயும் பல்லு தேஞ்சு போச்சு. வேற தேடு."

"பைப்பு?"

"ஒட்டுத் தையல் இல்லாத பைப்பு. கனமானது. கடலூர்ல கேளு. அதுக்கு முன்னால அளவ ஒழுங்கா எடு. ஜாக்கி போட்டுத் தூக்கி வச்சு எடுத்தீன்னா அது பொய் அளவு. சக்கரம் தொங்குனா ஒரு நீளம், ஆளு ஏறி அமுங்குனா ஒரு நீளம். நீ பட்டையவேற கழட்டி வச்சுருக்க. படுக்குற ஆளையே படுக்கப் போட்டு எடு."

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் அளவெடுத்தான். மலர்கொடி சுரங்க நகரியத்தில் பதினோராம் பிளாக்கில் வீட்டு வேலை செய்கிறவள். செங்கமலத்தின் புண்ணைக் கழுவிக் கட்டுவதும் அவள்தான். அவளும் அவள் புருஷனும் அறிவழகனும் கொளஞ்சியும் போர்வையின் நாலு முனையைப் பிடித்துச் செங்கமலத்தைத் தூக்கி ஜீப்புக்குள் கிடத்தினார்கள். கொளஞ்சி டேப்பைக் கவ்விக்கொண்டு அடியில் நுழைந்தான். தலைக்கு மேலே ஒரு பலகை. பலகைக்கு மேலே அவள்.

"என்ன எடக்கல்லா ஆக்கிட்டியே மாமா" என்று மேலிருந்து குரல் வந்தது.

"எடக்கல்லுன்னா பேசாம கெடக்கும்."

"கீழ என்னா தெரியுது?"

"துரு தெரியுது. ஆடாத செத்த நேரம்."

"ஆடறதுக்குத்தான் வழி இல்லியே" என்று சிரித்தாள். வெளியே நின்ற மலர்கொடியும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலடி நாலங்குலம்" என்று கத்தினான் கொளஞ்சி. அறிவழகன் அதைப் போனில் குறித்துக்கொண்டான்.

"என்ன விடக் குட்டதான்" என்றாள் செங்கமலம். மற்றவர்கள் டீ குடிக்க அந்தப் பக்கம் போனபோது, பலகையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். "மாமா."

"ம்."

"கடல்ல நின்னா அல திரும்பும்போது காலுக்கடியில மண்ணு உருவிகினு போவும் பாரு."

"ஆமா."

"ஊசி குத்துனாங்க, தெரியல. சுடுதண்ணி ஊத்துனாங்க, தெரியல. அதெல்லாம் மேலால படறது. மண்ணு உருவறது உள்ளுக்குள்ள போயி இழுக்கும். அது தெரியும்னு எனக்குத் தோணிகினே இருக்குது. நிக்க வைக்கக்கூட வேணாம். அல ஓரத்துல போர்வையோட படுக்க வையி, குதிகாலு மண்ணுல இருந்தா போதும். அது மட்டும் தெரிஞ்சிடுச்சின்னா நான் தேறிடுவேன். தெரியலன்னா..." பலகையை மறுபடி ஒரு தட்டுத் தட்டினாள். "தெரியும் வுடு."

அவன் டேப்பைச் சுருட்டினான். டேப் உள்ளே ஓடுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அறுந்த நரம்பு அறுந்ததுதான், இனி ஒட்டாது என்று டாக்டர் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு வராந்தாவில் வைத்துச் சொல்லியிருந்தார். திரும்பி வந்தவனிடம், என்னா சொன்னாரு என்று இவள் கேட்டாள். போவப் போவ சரியாவும்னாரு என்றான். வேறு என்ன சொல்வது என்று அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் வளர்ந்து வளர்ந்து இப்போது கடல்வரைக்கும் வந்து நிற்கிறது. அதற்குத்தான் ஜீப்பை நீட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் பழைய கிராஸையும் பல்லு முனை செருகும் தண்டுத் துண்டையும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பண்ருட்டியில் வண்டி உடைக்கிற இடத்தில் குவியலுக்குள் இறங்கித் தேடினான். கை வைத்த இடமெல்லாம் கிரீஸும் மண்ணும். மத்தியானத்துக்கு மேல்தான் பல்லு தேயாத முனை ஒன்று கிடைத்தது. கொண்டுவந்த தண்டுத் துண்டை அதில் செருகிப் பார்த்தான். சந்தனக்கட்டையை இழைப்பது போல இழைந்து உள்ளே போயிற்று.

"அம்மாந்நீளம் எதுக்குய்யா? ஜீப்ப பஸ்ஸா மாத்துறியா?" என்றான் உடைக்கிற கடைக்காரன்.

"கட்டிலா மாத்தறங்க."

கடைக்காரன் சிரிக்க வாயைத் திறந்தவன், இவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். முனைக்கு இரண்டு போல்ட் தானாகவே தேடிக் கொடுத்தான்.

அங்கிருந்து பஸ் பிடித்துக் கடலூர் முதுநகர். ஸ்பேர் கடையில் எந்த வருஷத்து வண்டி என்று கேட்டார்கள். தோப்புல கெடந்துச்சுங்க என்றான். கடைக்காரர் பழைய கிராஸின் குப்பியை அளந்து பார்த்து, நாலு டப்பாவைப் பிரித்து, ஐந்தாவதில் சரியானதை எடுத்தார். ஒரே மாதிரி இரண்டு. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இருந்ததை அவன் மூக்கில் வைத்து மோந்தான். புது இரும்பின் வாசனை.

பைப்பு மட்டும் இல்லை. இருந்ததெல்லாம் தண்ணீர் போகிற பைப்பு. தையல் இல்லாதது தீர்ந்து போயிற்று, நாளை இல்லை, அடுத்த திங்கட்கிழமைதான் லோடு வருமாம். மாசி மகம் இந்தப் புதன்கிழமை. பாண்டிச்சேரி போய்ப் பார்க்கலாம் என்றால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஷிப்ட். புதனுக்கே மேஸ்திரியிடம் கெஞ்சித்தான் லீவு வாங்கியிருந்தான். இன்னொரு நாள் கேட்டால் அடுத்த முறை ஆள் எடுக்கும்போது பேரை விட்டுவிடுவார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் இருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தான். எல்லாம் கிடைத்து நடுவில் வைக்கிற ஒரு பைப்பு கிடைக்காமல் போனதே என்று வடலூர் வரும்வரை அதையே நினைத்தான். வடலூரில் பஸ் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது.

ரோலர்.

சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைச் சுமந்துவரும் ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக உருள்கிற இரும்பு உருளைகள். தேய்ந்ததை ஏலத்தில் விடுவார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பழைய ரோலர் இருக்கும். துணி காயப்போடும் கம்பம் அதுதான், பந்தல் கால் அதுதான், கேட்டுக்கும் அதுதான். இவன் வீட்டுக் குளிக்கும் இடத்துக்குக் கூரையே பழைய பெல்ட். காயலான் கடைக்குப் போய் அடுக்கில் இருந்து மெல்லிய ரோலர்களாகப் பார்த்து இறக்கினான். ஒவ்வொன்றையும் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். இருபத்திரண்டு வருடமாக அவன் செய்கிற வேலை அதுதான். ஓடுகிற பெல்ட்டின் ஓரமாகவே நடந்து, எந்த ரோலர் முனகுகிறது என்று கேட்டு, சாக்பீஸால் கோடு போடுவது. பத்தாவதாகச் சுற்றியது சத்தமே இல்லாமல் சுற்றியது. முனையில் கனம் பார்த்தான், நல்ல கனம். தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நேரே லேத்துக்குப் போனான்.

வெள்ளைச்சாமி அதைத் தரையில் உருட்டிப் பார்த்தார்.

"இது ரோலர்ப்பா."

"ஆமாண்ணே. அதிகம் ஓடாதது."

"எப்படித் தெரியும்?"

"சுத்திக் கேட்டேண்ணே. ஒரு முனகலு இல்ல."

"நீ கேட்டது பேரிங்கு சத்தம். பைப்பு என்னைக்குப் பேசுச்சு? நடுவுல எவ்வளவு தேஞ்சுருக்குன்னு காதுல கேக்குமா?" தரையில் குந்தி உட்கார்ந்தார். "கொளஞ்சி, ரோலர் என்ன செய்யுது? பெல்ட்டு மேல போகுது, அது பாட்டுக்குக் கீழ உருளுது. எதையும் இழுக்கறது இல்ல. இவன் இழுக்கணும். ஒரு முனைய எஞ்சின் முறுக்கும், மறுமுனைய சக்கரம் விட மாட்டேன்னு புடிச்சுக்கிரும். நடுவுல கெடந்து அவதிப்படறவன் இவன்."

"அத்தன டன்னு கரிய ராவு பகலா சொமக்குதேண்ணே."

"சுமக்கறது வேற. முறுக்கறது வேற."

கொளஞ்சி ரோலர்மேல் கையை வைத்தான். அதை விட்டு நகரவில்லை.

"அடுத்த திங்கக்கெழம பைப்பு வருதுல்ல, பொறுத்துக்க. அம்மன் அடுத்த வருசமும் கடலுக்குப் போகும்ப்பா."

"அம்மன் போவும்ணே" என்றான் கொளஞ்சி.

வெள்ளைச்சாமி அவனைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் லேத்தைப் போட்டார்.

நாலடி நாலங்குலத்துக்குக் கணக்குப் பார்த்து வெட்டினார். இரண்டு முனையிலும் கிராஸ் மாட்டுகிற காதுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கண்ணை மூடித் திறந்து மூன்று தடவை பார்த்தார். முதலில் நாலு புள்ளி வைத்து, சுற்றிப் பார்த்து, சுத்தியலால் தட்டி நேராக்கி, அப்புறம் சுற்றிலும் பற்றவைத்தார். முடித்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டாவது கியரத் தாண்டாத. நின்னு எடுக்கும்போது கிளட்ச்ச முட்டையத் தரையில வைக்கிற மாதிரி விடு. நான் செஞ்சு குடுத்தேன்னு வெளிய சொல்லாத. கேட்டா எனக்கு ஜீப்பே தெரியாது."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குடியிருப்பைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். வண்டி ஓடியது. லேசான அதிர்வு, அவ்வளவுதான். செங்கமலம் கேட்ட முதல் கேள்வி, "ஹாரன் இருக்குதா?"

"இருக்குது."

"அடி பாக்கலாம்."

அடித்தான். கழுத்தில் மிதிபட்ட வாத்து மாதிரி கத்தியது. அன்றைக்கு அவள் இரண்டு தோசை சாப்பிட்டாள்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். மலர்கொடி பிளாக்கில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட ஏறினாள். பஞ்சு, மருந்து, மாற்றுத் துணி எல்லாம் ஒரு கூடையில். செங்கமலம் பச்சைப் புடவை கட்டச் சொல்லிக் கட்டியிருந்தாள். படுத்த ஆளுக்குப் புடவை கட்டுவதென்றால் மேலே போர்த்திச் செருகுவதுதான், ஆனாலும் கொசுவம் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து மடிக்க வைத்தாள். அம்மன் டிராக்டரோடு அறிவழகன் முந்திப் போய்விட்டிருந்தான்.

வடலூர் தாண்டியது. பட்டைகள் கழற்றிய வண்டி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மெதுவாக அமுங்கி அமுங்கி எழுந்தது. கொளஞ்சி இரண்டாவது கியரிலேயே போனான். பின்னாலிருந்து வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. அதில் இருந்தவர்கள் நீண்ட ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வலிக்குதா புள்ள?"

"ரோட்டப் பாத்து ஓட்டு. நான் நல்லாத்தான் கெடக்கறேன்." பிறகு, "எங்க வருது?"

"குள்ளஞ்சாவடி."

"இனிமே காத்து மாறும் பாரு. உப்புக் காத்து."

குள்ளஞ்சாவடி கூட்டுரோட்டில் டிராக்டரும் வேனும் பஸ்ஸுமாக நெரிசல். எல்லா ஊர்ச் சாமியும் கடலுக்குப் போகிற நாள். வேகத்தடைக்கு முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. மெதுவாக எடுத்தான். நின்றான். மறுபடி மெதுவாக எடுத்தான். முன்சக்கரம் தடையில் ஏறி இறங்கியது. பின்சக்கரம் தடையில் மோதி நின்ற நேரத்தில் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரனை அமுக்கியது. அவன் கால் பதறி, கிளட்ச்சிலிருந்து சட்டென்று எடுபட்டுவிட்டது.

அடியில் டொப்பென்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை.

இறங்கிக் குனிந்து பார்த்தான். இரண்டு முனையும் கிராஸும் பற்றவைத்த இடமும் அப்படியே இருந்தன. பைப்பு மட்டும் நடுவில், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் இரும்பு காகிதம் போல மெல்லிசாக இருந்தது. நடுவில் அவ்வளவு தேய்ந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தான். பெல்ட் அடியில் இதைப் போல எத்தனையோ கழற்றிப் போட்டவன்.

நாலு பேர் சேர்ந்து வண்டியை ஒரு சைக்கிள் கடை ஓரத்தில் தள்ளிவிட்டார்கள். ஒரு குட்டியானைக்காரர் தானாக வந்து, "வேணும்னா நான் கொண்டுபோயி வுட்டுட்டு வர்றன்ங்க" என்றார்.

"ஏத்துங்க" என்றாள் செங்கமலம்.

"வேணாம் புள்ள. போன தடவ..."

"போன தடவ ஆஸ்பத்திரிக்கு. இப்ப கடலுக்கு. ரத்தம் போனா போவுது மாமா, ஒரு மணி நேரம்தான. ஏத்து. மலரு, நீ சொல்லு."

மலர்கொடி அவளை ஒரு பக்கமாகப் புரட்டி முதுகைப் பார்த்தாள். கட்டு ஏற்கெனவே சிவந்திருந்தது. கொளஞ்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். செங்கமலத்திடம் குனிந்து, "அக்கா, அதுல ஏத்துனா நீ கடலு பாக்க மாட்ட. நடுவழியிலயே மயக்கமாயிடுவ" என்றாள்.

செங்கமலம் வாதாடவில்லை. ஜீப்பின் தார்ப்பாய்க் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். காதுப் பக்கமாகக் கண்ணீர் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

கொளஞ்சி முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் நெஞ்சில் எங்கேயோ ஒரு மூலையில் மூச்சு லேசாகவும் ஆனது. அங்கே போய், அலை வந்து, மண் உருவி, இவள் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி அவன் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு கணம் வராமல் போயிற்றே என்கிற லேசு. அதை உணர்ந்ததும், சீ என்று வந்தது. பைப்பு அறுந்ததற்குக்கூட அவ்வளவு வெட்கம் வரவில்லை. ரோலர்தான் என்று தெரிந்தே மாட்டினோமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. இல்லை, அப்படி இல்லை. கடல் காட்டத்தான் மாட்டினான். அது சத்தியம்.

அறிவழகனுக்குப் போன் போட்டான். அவன் கடற்கரையில் இருந்தான். பின்னால் மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் விட்டுவர முடியாது, தீர்த்தம் முடிந்து திரும்பும்போது கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்றான். செங்கமலம் போனை வாங்கிக் காதில் வைத்துத் தம்பியிடம் மெதுவாக என்னவோ சொன்னாள். கொளஞ்சிக்குக் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. சைக்கிள் கடைக்காரர் ஒரு சாக்கை நனைத்துக் கூரைமேல் போட்டார். ஒவ்வொரு ஊர்ச் சாமியாகக் கடந்து போயிற்று. மலர்கொடி வெளியே பார்த்துப் பார்த்து, இது பல்லாக்கு, இது குதிர, இது வேல் மட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். செங்கமலம் ஒவ்வொன்றுக்கும் படுத்தபடியே கை கூப்பினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவள் ஊர் டிராக்டர் வந்தது. அம்மன் ஈரப் பாவாடையில் இருந்தாள். பூசாரி இறங்கிவந்து செங்கமலத்தின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, "என்னா தாயி, பச்சப் புடவயா" என்றார். அவளும் சிரித்தாள். அறிவழகன் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொளஞ்சியின் கையில் கொடுத்தான்.

"கடத்தண்ணி மாமா. மண்ணும் ரெண்டு கை அள்ளிப் போட்டுருக்கேன். அக்காதான் சொன்னாங்க. நீங்க ஊத்துங்க, நான் கயிறப் பாக்கறேன்."

கொளஞ்சி கால்மாட்டில் ஏறி மண்டியிட்டான். போர்வையை முழங்கால்வரை ஒதுக்கினான். சுள்ளியாகப் போன கால்களில் குதிகால் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கேனைக் குலுக்கினான், மண் உள்ளே சுழன்றது. வலது காலில் கொஞ்சம் ஊற்றினான். தண்ணீர் டிராக்டரில் வெயில்பட்டு வெதுவெதுப்பாகி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலில் ஊற்றினான். உள்ளங்கையில் மண்ணை வாங்கிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, அலை இழுப்பது போல மெல்ல உருவினான். மறுபடி வைத்து உருவினான். விரல் இடுக்கில் எல்லாம் மண். எவ்வளவு நேரம் செய்தானோ. மீதியையும் இரண்டு காலுக்குமாகக் கவிழ்த்தான். படுக்கையின் ஓரம் நனைந்து கீழே பலகையில் சொட்டியது.

"ஊத்து மாமா" என்றாள் செங்கமலம். "அம்மன வெயில்ல நிக்க வச்சுகினு இன்னும் என்னா பண்ற?"

கையில் இருந்தது வெறும் கேன். பக்கத்தில் மலர்கொடி நின்றுகொண்டிருந்தாள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூடி தெறக்கல புள்ள" என்றான். "இறுக்கிக் கெடக்குது."

"பல்லால கடிச்சுப் பாரேன்."

"பாத்தேன். வரல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி வுடு. கேன்ல வந்தது தண்ணிதான, அது என்னாத்த இழுக்கும். நேரா கடல்லயே வச்சுக்கலாம். அடுத்த தடவ அந்தச் சாமியண்ணன் சொன்ன பைப்பாவே போடு. கேனப் பத்திரமா வையி, கவுந்துடப் போவுது."

வெளியே அறிவழகன் கயிற்றைக் கட்டிவிட்டு, போலாமா மாமா என்றான். கொளஞ்சி போர்வையை இறக்கி ஈரக் கால்களை மூடினான். மூடியைத் தேடி எடுத்துக் கேனில் வைத்து, சத்தம் வராமல் திருகினான். பிறகு அந்த வெறும் கேனை இரண்டு கையாலும் பிடித்து, கனமானதை வைப்பது போல, அவள் கால்மாட்டில் மெதுவாக வைத்தான்.